அத்தைக்கு எந்தப் பக்கம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழையோடு மழையாக டர்பனின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

குழந்தையைத் தத்தெடுக்கத் தென்னாப்பிரிக்க அரசு விதித்திருக்கும் கட்டுப்பாடுகள் குழந்தைக்குக் காவலா, தடையா என்பது இன்றைய தலைப்பு. காவலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்று சொல்லிவிட்டு, “நம் பாட்டிமார் எந்த நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டு ஊரார் பிள்ளையை வளர்த்தார்கள்?” என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். ஏனென்றால் அப்படி வளர்ந்தவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் அத்தை.

கரும்புத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு சாயங்காலம், அப்பாவைப் பெற்ற என் ஆயா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாராம். பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்பார்கள் சிலர். இல்லை, புருஷன் விட்டுப் போனதால் கொடுத்துவிட்டாள் என்பார்கள் சிலர். ஆயா ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரே தட்டு, ஒரே பாய், தீபாவளிக்கு ஒரே துணியில் வெட்டித் தைத்த பாவாடை. பள்ளிக்கூடத்திலும் எங்கள் குடும்பப் பெயர்தான். தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு கடைசிவரை கூடவே இருந்து பார்த்ததும் அத்தைதான்.

தாத்தா உயில் எழுதாமல் போய்விட்டார். வீட்டுப் பங்கு விஷயமாக எல்லோரும் ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பிறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். அத்தை முறை வந்தது. கையில் பள்ளிச் சான்றிதழ் மட்டும். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்கள் இந்தக் குடும்பத்துக்கு யார்?” என்று கேட்டார். அந்த மனிதர்மேல் தப்பில்லை. அவருக்குக் காகிதம் வேண்டும். நாங்கள்தான் ஐம்பது வருஷமாக அந்தக் காகிதத்தை வாங்காமல் விட்டவர்கள்.

நீதிமன்றம் தத்தாணை கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை எல்லா வகையிலும் அந்த வீட்டுப் பிள்ளை. உயில் இல்லாத சொத்துக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டமும் தத்துப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகத்தான் எண்ணுகிறது. பாசத்தோடு வளர்த்து, தாள் இல்லாமல் விட்ட பிள்ளையை எண்ணுவதில்லை.

சொத்தை விடுங்கள். இன்னொன்று சொல்கிறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘துரூரோ’ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்தவர்களுக்கும் பின்னால் கப்பல் கப்பலாக வந்தவர்களுக்கும் பதிவேடு இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரைக்கும் அதில் எழுதியிருக்கிறார்கள். கூலியாட்களை எண்ணுவதற்காக எழுதிய ஏடுதான். ஆனால் இன்று நம்மில் பலர் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தை என் அண்ணன் நகல் எடுத்துக்கொண்டு வந்த அன்று, வீடே மேசையைச் சுற்றிக் குனிந்து நின்றது. இடது புருவத்தில் தழும்பு என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு எல்லோரும் ஒருவர் புருவத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அத்தை டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். “எனக்கு எந்தப் பக்கம்டா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் சாகும்வரை எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இன்றைய தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் தத்துப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயதானதும் பிள்ளை அதைப் பார்க்கலாம். எதிரணி “வீண் காகிதக் கட்டு” என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

சரி, நாட்களுக்கு வருவோம். பெற்றவள் சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகு 60 நாள் வரை அதைத் திரும்பப் பெறலாம். “அதுவரை வளர்க்க வந்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்” என்றார் எதிரணிச் சகோதரி. உண்மைதான், அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தைக்குத் தலை நிற்கவே மூன்று மாதம் ஆகிறது. பிரசவ வலி ஆறாத, வீட்டாருக்குப் பயந்த, கையில் காசில்லாத ஒரு பெண்ணுக்கு மனம் நிற்க இரண்டு மாதம் கொடுப்பது அதிகமா?

பணத்தையும் பேச வேண்டும். தொழில்முறைக் கட்டணம் போன்ற நியாயமான செலவுகள் தவிர, தத்துக்காக யாரும் யாருக்கும் காசு கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்கிறது நம் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம். இது ஏன் வேண்டும் என்று இலங்கையைக் கேளுங்கள். 1980களில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். கூலிக்கு வந்த பெண்கள் தாய் என்று நடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது நாற்பது வயதில் கொழும்புக்கு வந்து, தாளில் இருக்கும் பெயரைத் தேடிப் போனால், அந்தப் பெண் தங்களைப் பெற்றவளே இல்லை. இப்படிப்பட்ட முறைகேடுகளை விசாரித்துத்தான் நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது.

வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைக்கு நம் சட்டம் சொல்வது என்ன? முதலில் தத்துக்கு உரிய குழந்தைகளின் பதிவேட்டில் பெயர் 60 நாளாவது இருக்க வேண்டும். இங்கேயே தகுந்த பெற்றோர் கிடைக்காவிட்டால்தான் வெளியே. வெளிநாட்டுத் தத்துக்காக நாடுகள் செய்துகொண்ட 1993 ஹேக் உடன்படிக்கையின் அடிப்படையும் அதுவே. நாம் 2003இல் அதில் சேர்ந்தோம்.

எதிரணி வைத்ததில் கனமான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. “சட்டமே கொடுமை செய்ததே” என்றார்கள். செய்தது. நிறவெறிக் காலத்தில் ஓர் இனத்துப் பிள்ளையை வேறு இனத்தார் தத்தெடுக்க விடவில்லை. பக்கத்துக் கடலில் ரீயூனியன் தீவில் 1960களிலிருந்து 1980கள் வரை பிரெஞ்சு அரசே 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிப் பிரான்சின் ஆள் குறைந்துபோன கிராமங்களுக்குக் கொண்டு போனது. படிக்கத் தெரியாத பெற்றோரிடம் கைநாட்டு வாங்கினார்கள், விடுமுறைக்கு வந்துவிடுவான் என்று சொன்னார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் 2014இல்தான் அரசின் பொறுப்பை ஏற்றது.

இதைக் கேட்டால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தத் தாய்மாருக்கு எது இல்லாமல் போனது என்று பாருங்கள். படித்துக் காட்ட ஆளில்லை, கையெழுத்தைத் திரும்பப் பெற அவகாசமில்லை. அதிகாரியையே கட்டிப் போடும் சட்டம்தான் நான் கேட்பது. நம் நாட்டிலேயே குடியுரிமை இல்லாதவர் தத்தெடுக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் முரட்டுத் தடை போட்டிருந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் 2000இல் அதை அடித்துத் தள்ளியது. குழந்தையின் நலனே முதன்மை என்ற சாசனத்தின் 28ஆம் பிரிவை வைத்துத்தான் தள்ளியது. தடை போனது, ஆனால் விசாரணை போகவில்லை.

தாமதம் இருக்கிறது. கோப்பு தூங்குகிறது, சமூகப் பணியாளர் ஒருவர் தலையில் பத்துப் பேர் வேலை. அதற்கு ஆள் போடச் சொல்லுங்கள், நானும் உங்களோடு வந்து கோஷம் போடுகிறேன்.

மணி அடித்துவிட்டது, ஒன்றே ஒன்று. பத்து வயதான பிள்ளையைத் தத்துக் கொடுப்பதென்றால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதிரணித் தலைவர் பதிலுரைக்கு வரும்போது, எந்தக் கட்டுப்பாட்டை எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லிச் சொல்லட்டும். அந்தப் பிள்ளையிடம் கேட்பதையா? நன்றி, வணக்கம்.