சர்க்கரைவள்ளி ஃப்ரைஸ் துவளாமல் மொறுமொறுவென்று வர: ஏர் ஃப்ரையரில் என் முறை

எல்லோருக்கும் வணக்கம். என் முன்னால் இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அரை கிலோ வரும், உள்ளே ஆரஞ்சு நிறம். இதை ஃப்ரைஸ் ஆக்கப் போகிறோம்.

ஏர் ஃப்ரையர் வீட்டுக்கு வந்த புதிதில் நான் முதலில் செய்ததே இதுதான். உருளைக்கிழங்குக்குச் செய்வது போலவே வெட்டி, எண்ணெயும் உப்பும் பிசறி, கூடை நிறையக் கொட்டி 20 நிமிடம் வைத்தேன். திறந்து பார்த்தால் நுனியெல்லாம் கருகியிருந்தது, நடுப்பகுதி குழைந்திருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தால் அப்படியே வளைந்து தொங்கியது. இனிப்பாக, சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை ஃப்ரைஸ் என்று சொல்ல மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்: கிழங்கில் இருக்கிற தண்ணீரை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சரி, வெட்ட ஆரம்பிக்கலாம். நான் தோலைச் சீவிவிடுகிறேன். பிடித்தவர்கள் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தோலோடும் செய்யலாம். கிழங்கு கெட்டியாக, உருண்டையாக இருப்பதால் கத்தி வழுக்கும். அதனால் முதலில் ஒரு பக்கத்தில் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்துவிடுங்கள். அந்தத் தட்டையான பக்கத்தைக் கீழே வைத்தால் கிழங்கு உருளாமல் உட்காரும். இப்போது சுண்டு விரலைவிடக் கொஞ்சம் மெல்லியதாக, 8 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஊசி போலக் கூராக வருகிற துண்டுகளை நான் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். மற்றது வேகும் முன்பே அவை கருகிக் கசந்துவிடும்.

வெட்டியதைக் குளிர்ந்த தண்ணீரில் 30 நிமிடம் போட்டு வையுங்கள். வெட்டுப்பட்ட பக்கங்களில் ஒட்டியிருக்கிற மாவுச்சத்து தண்ணீரில் இறங்கிவிடும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் மங்கலாக மாறுவதைப் பார்க்கலாம்.

இது ஊறட்டும். அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது தெரிந்ததும்தான் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. பெயரில் கிழங்கு என்று இருப்பதால் இதையும் உருளைக்கிழங்கையும் அண்ணன் தம்பி என்று நினைக்கிறோம். உருளைக்கிழங்கு தக்காளி, கத்தரிக்காயோடு சேர்ந்த குடும்பம். சர்க்கரைவள்ளி அந்தப் பக்கமே கிடையாது. காலையில் புனல் மாதிரி மலருகிற கொடிப்பூக்கள் இருக்கின்றன இல்லையா, அந்தக் குடும்பம். உருளைக்கிழங்கை விட இதில் சர்க்கரை பல மடங்கு அதிகம், மாவுச்சத்து குறைவு. மொறுமொறுப்பான மேல்தோலைக் கட்டுவது மாவுச்சத்துதான். போதாததற்கு, இதன் உள்ளே இருக்கிற ஒரு நொதி, கிழங்கு சூடாகும்போது மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரை அதற்கு நல்ல வேகம். மெதுவாகச் சுட்ட சர்க்கரைவள்ளி அவ்வளவு இனிப்பாக, கூழ் போல இருப்பதற்கு அதுதான் காரணம். நமக்கு இன்றைக்கு அது வேண்டாம். அந்தச் சூட்டைச் சீக்கிரமாகத் தாண்டிவிட வேண்டும். அதனால்தான் ஏர் ஃப்ரையரை முதலில் காலியாக 5 நிமிடம் சூடாக்கிக்கொள்கிறேன். அதற்காக ஒரேயடியாக 200-க்கு மேலே போனால், சர்க்கரை அதிகமாக இருப்பதால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும். எனக்குச் சரியாக வந்தது 190 டிகிரி.

இப்போது தண்ணீரை வடித்தாயிற்று. தயவுசெய்து அவசரப்படாதீர்கள், நான் அதிக நேரம் செலவிடுகிற இடம் இதுதான். சுத்தமான பருத்தித் துணியை விரித்து, துண்டுகளைப் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு அழுத்தி ஒற்றி எடுங்கள். பிறகு ஈரத் துணியை எடுத்துவிட்டுக் காய்ந்த துணியில் மாற்றிப் போட்டு 10 நிமிடம் அப்படியே விடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. மேலே ஈரம் இருந்தால், முதல் சில நிமிடச் சூடு முழுவதும் அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். அதற்குள் கிழங்கு ஆவியில் வெந்து குழைந்துவிடும்.

துடைத்த துண்டுகளை அகலமான பாத்திரத்தில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி கார்ன் ஃப்ளார் தூவுகிறேன். மஞ்சளாக இருக்கிற மக்காச்சோள மாவைச் சொல்லவில்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும், விரல்களுக்கு இடையில் அழுத்தினால் நெறுநெறுவென்று சத்தம் கேட்கும், அந்த மாவு. கிழங்கில் குறைவாக இருக்கிற மாவுச்சத்தை நாம் வெளியிலிருந்து ஒரு மெல்லிய படலமாகக் கொடுக்கிறோம். இதோடு ஒரு தேக்கரண்டி பாப்ரிக்கா தூள், கால் தேக்கரண்டி மிளகுத் தூள். காரம் வேண்டும் என்றால் பாப்ரிக்காவைக் குறைத்து அந்த அளவுக்கு மிளகாய்த் தூள் போடுங்கள், இந்த இனிப்புக்குக் காரம் நன்றாகவே சேரும். கையால் நன்றாகப் புரட்டுங்கள். அதற்குப் பிறகுதான் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய் முதலில் போனால் மாவு திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். புரட்டிய பிறகு எந்தத் துண்டிலும் வெள்ளை மாவு தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெயே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின் தருவது, அதை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு தேவை.

உப்பு இன்னும் போடவில்லை, கவனித்தீர்களா? இப்போது போட்டால் உப்பு உள்ளே இருக்கிற நீரை வெளியே இழுக்கும். இவ்வளவு நேரம் துடைத்தது வீணாகிவிடும். பூண்டுத் தூளையும் நிறுத்தி வைத்திருக்கிறேன், இந்தச் சூட்டில் அது சீக்கிரம் கருகிக் கசக்கும்.

இதோ கூடை. பாதியை மட்டும்தான் போடுகிறேன். துண்டுக்குத் துண்டு கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரே அடுக்காக. பெயரில் ஃப்ரை இருந்தாலும் இந்தக் கருவி உண்மையில் ஒரு சின்ன ஓவன்தான். மேலே சூடேறும் கம்பி, அதன் மேல் ஒரு விசிறி. அந்தக் காற்று ஒவ்வொரு துண்டையும் சுற்றிப் போய், கிளம்புகிற ஆவியை அடித்துக்கொண்டு போக வேண்டும். குவித்து வைத்தால் ஆவி நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரே தடவையில் முடித்துவிடலாமே என்று நினைத்த எல்லா நாளும் எனக்குத் துவண்டுதான் வந்தது. பேக்கிங் தாளும் விரிக்காதீர்கள், அது கீழே இருக்கிற துளைகளை அடைத்துவிடும். காலியாகச் சூடாக்கும்போது தாளை உள்ளே வைப்பது ஆபத்தும்கூட. காற்றில் பறந்து கம்பியில் பட்டால் எரியும்.

190 டிகிரி, 7 நிமிடம். இப்போது திறந்து, இடுக்கியால் திருப்பிவிடுகிறேன். குலுக்கினாலும் போதும், ஆனால் இந்தக் கட்டத்தில் கிழங்கு மென்மையாக இருக்கும், வேகமாகக் குலுக்கினால் உடையும். இன்னும் 5 நிமிடம் வைக்கிறேன். கடைசி 3 நிமிடத்தில் டைமரை நம்பாதீர்கள், திறந்து பாருங்கள். ஓரங்கள் பொன்னிறமாக, அங்கங்கே லேசாகப் பழுப்பாக வந்தால் போதும். கரும்பழுப்பு வரை விட்டால் கசப்பு மட்டும் இல்லை, அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகமாகும்.

எடுத்தவுடன் ஒன்றை அழுத்திப் பார்த்தால் இன்னும் மெத்தென்று இருக்கும். பயப்படாதீர்கள். கம்பி வலைத் தட்டில் பரப்பி 2 நிமிடம் விடுங்கள், ஆற ஆற மேல்தோல் இறுகும். கிண்ணத்தில் குவித்தோ மூடியோ வைத்தால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். இந்தச் சூட்டிலேயே அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி பூண்டுத் தூள் இரண்டையும் கலந்து பாதியைத் தூவுகிறேன். மேலே இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். மீதி அடுத்த பாதிக்கு.

இரண்டாவது பாதியும் தயார். இப்போது முதலில் எடுத்ததையும் கூடையில் சேர்த்து ஒரு நிமிடம் சூடாக்குகிறேன். இந்த முறை கூடை நிறைந்திருந்தாலும் பரவாயில்லை, ஈரம்தான் போய்விட்டதே.

இதை உடைக்கிறேன், சத்தம் கேட்கிறதா? வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் மாதிரி. நிறைய எண்ணெயில் பொரித்த அளவுக்குக் கடினமான மொறுமொறுப்பு இதில் வராது, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். 10 நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிரில் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து வைத்திருக்கிறேன், இனிப்புக்குப் புளிப்பு நல்ல துணை. மிஞ்சினால் 180 டிகிரியில் 3 நிமிடம் வைத்தால் ஓரளவு பழைய நிலைக்கு வரும்.

அப்புறம், கிழங்கு வாங்கிவந்தால் சமைக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் நடுப்பகுதி கெட்டிப்பட்டு, எவ்வளவு வேகவைத்தாலும் கட்டியாகவே நிற்கும். காற்றோட்டமான, வெயில் படாத இடம் போதும்.

ஒவ்வொரு கருவியின் வேகமும் வேறு. உங்களுடையதில் எத்தனை நிமிடம் ஆனது, கூடை எத்தனை லிட்டர் என்று சேர்த்து எழுதுங்கள், அடுத்து செய்பவர்களுக்கு உதவும். நான் இது ஆறுவதற்குள் சாப்பிடப் போகிறேன்.