99.54 யாருடைய எண்? குடும்பச் சுற்றுலாவில் வீடியோ போக்கர் பற்றிய பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘லாஸ் வேகாஸ் குடும்பச் சுற்றுலாவில் வீடியோ போக்கர் ஆடுவது செலவு குறைந்த பொழுதுபோக்கா, செலவு தெரியாத பொழுதுபோக்கா?’ என்பது இன்றைய தலைப்பு. செலவு தெரியாத பொழுதுபோக்கு என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். காசினோ மிஷின்களிலேயே வீடியோ போக்கர்தான் நூற்றுக்கு 99.54 திருப்பித் தருகிறது என்றார். ஆடும்போது குடிக்க இலவசம் என்றார். தொடர்ந்து ஆடினால் அறை வாடகையே குறையும் என்றார்.

சூது பாவம் என்று பேச நான் வரவில்லை. இந்த மிஷின் ஏமாற்றுகிறது என்றும் சொல்ல மாட்டேன். திரையில் விழும் சீட்டு, உண்மையான 52 சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்டால் எப்படி விழுமோ அப்படித்தான் விழ வேண்டும் என்பது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விதி. 99.54 என்ற எண்ணும் உண்மைதான். அது யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி. நல்ல மிஷின், தப்பில்லாத ஆட்டம், நீண்ட நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த எண் கைக்கு வரும். குடும்பத்தோடு வந்தவரிடம் இந்த மூன்றும் சேர்வதில்லை.

முதலில் மிஷின். வீடியோ போக்கரில் ஒரு வகையான ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ ஆட்டத்தில் ஐந்து சீட்டு வரும், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒருமுறை மாற்றலாம். ஜாக் அல்லது அதற்கு மேலான ஜோடிக்குப் போட்ட பணம் திரும்பும், இரண்டு ஜோடிக்கு இரட்டிப்பு. இவை எல்லா மிஷினிலும் பெரும்பாலும் ஒன்றுதான். காசினோ கை வைக்கும் இடம், பரிசுப் பட்டியலில் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) என்ற இரண்டு வரிகள். ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பந்தய அலகுக்கு, அந்த வரிகளில் 9, 6 என்று இருந்தால்தான் எதிரணி சொன்ன 99.54. 8, 5 என்றால் 97.30. 7, 5 என்றால் 96.15. 6, 5 என்றால் 95. நாலு மிஷினும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். சீட்டும் ஒரே மாதிரிதான் விழும், சத்தமும் அதேதான். அந்த இரண்டு எண்களைப் படிக்காதவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கால் டாலர் மிஷினில் ஐந்து கிரெடிட் போட்டால் ஓர் ஆட்டத்துக்கு 1.25 டாலர். மணிக்கு 500 ஆட்டம் என்பது ஓரளவு பழகியவரின் வேகம். ஒரு மணி நேரத்தில் 625 டாலர் மிஷினுக்குள் போய்ச் சுழலும். நாலு இரவு, இரவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 4,000 ஆட்டம், 5,000 டாலர் பந்தயம். பையில் இருப்பது 200 டாலராக இருக்கலாம், அதுவே திரும்பத் திரும்பச் சுழன்று 5,000 ஆகிறது. அதில் எதிர்பார்க்கும் இழப்பு 9/6 மிஷினில் 23 டாலர், 8/5-ல் 135, 6/5-ல் 250. குடும்பங்கள் தங்கும், ‘ஸ்ட்ரிப்’ என்ற பெரிய காசினோ சாலையின் ஹோட்டல்களில் கால் டாலருக்குக் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தக் கீழ்வரிசைதான். நல்ல பட்டியல் வேண்டுமானால் ஊர்க்காரர்கள் போகும் காசினோக்களைத் தேடி ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே போக வேண்டும். குழந்தைகளை அறையில் விட்டுவிட்டு அதற்காகக் காரை எடுக்கப் போகிறீர்களா?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே திரையில் கால் டாலர், அரை டாலர், ஒரு டாலர் என்று மாற்றிக்கொள்ளும் மிஷின்கள் இப்போது அதிகம். முன்னால் உட்கார்ந்தவர் ஒரு டாலரில் விட்டுப் போயிருப்பார். நீங்கள் பார்க்காமல், ஐந்து கிரெடிட்டையும் ஒரே தடவையில் போடும் ‘மேக்ஸ் பெட்’ பொத்தானை அழுத்தினால் 1.25-க்குப் பதில் 5 டாலர் போய்விடும். பயந்து ஒரே ஒரு கிரெடிட் போட்டு ஆடினால், ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் 10 முதல் ஏஸ் வரை) 250 கிரெடிட்தான். ஐந்து போட்டால் 4,000. சிக்கனம் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் போடுகிறவர், அதே 9/6 மிஷினிலும் திருப்பி வரும் பங்கில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்கிறார்.

அடுத்தது ஆட்டம். ரம்மி ஆடிய கை போதும் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். போதாது ஐயா! ரம்மியில் பழகிய கண் வரிசையைத் தேடும். கையில் இரண்டு 5, ஒரு 6, ஒரு 7, ஒரு 8 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரம்மிக்காரர் 5-6-7-8 வரிசையை வைத்துக்கொண்டு ஒரு 5-ஐத் தூக்கிப் போடுவார். இங்கே ஜோடியைத்தான் வைக்க வேண்டும். ஒரு டாலருக்கு ஜோடியின் சராசரி மதிப்பு 82 சென்ட், அந்த வரிசையின் மதிப்பு 68 சென்ட். இரண்டு 8-உம் ஒரு ஏஸும் வந்தால், துணைக்கு இருக்கட்டும் என்று ஏஸையும் வைப்பவர்கள் ஏராளம். அதுவும் தப்பு. ஜோடியை மட்டும் வைத்து மூன்றை மாற்றினால்தான் மூன்றாவது 8 வர இடம் கிடைக்கும்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. ஹார்ட்டினில் 10, ஜாக், குயின், கிங், கூடவே ஹார்ட்டின் 4. ஃப்ளஷ் கைக்கு வந்துவிட்டது, ஐந்து கிரெடிட்டுக்கு 30 உறுதி. சரியான ஆட்டம் என்ன? 4-ஐத் தூக்கிப் போட்டு ராயலுக்குப் போவது. மீதி 47 சீட்டுக்கும் கூட்டிப் பார்த்தால் அந்த முடிவின் சராசரி மதிப்பு 97 கிரெடிட்டுக்கு மேல். மனைவி பக்கத்தில் நின்று ‘வந்ததை ஏன் விடுறீங்க?’ என்று கேட்டுக்கொண்டிருக்க, பத்தில் எட்டு தடவை அந்த 30 கிடைக்காமலும், ஏறக்குறைய பாதித் தடவை வெறுங்கையாகவும் போகும் அந்த முடிவை எடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? எதை வைப்பது, எதை விடுவது என்ற இந்த முடிவுகள் முழுவதையும் வீட்டிலேயே பயிற்சி மென்பொருளில், பிழை காட்டாத அளவுக்குப் பழகியவருக்குத்தான் அந்த 99.54. அவர்கூட நள்ளிரவில், மூன்றாவது பீருக்குப் பிறகு, அதே ஆளாக இருக்க மாட்டார். எதிரணி இலவசம் என்று சொன்னது அந்தப் பீரைத்தான்.

மூன்றாவது, நேரம். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 99.54-ல் ஏறக்குறைய 2 சதவீதம் ராயல் ஃப்ளஷ் ஒன்றிலிருந்து மட்டுமே வருகிறது. அது சரியாக ஆடினால் சராசரியாக சுமார் 40,400 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். மணிக்கு 500 என்றால் 80 மணி நேரம். நம் குடும்பத் தலைவர் நாலு இரவில் ஆடப்போவது 4,000 ஆட்டம். அவருக்கு ராயல் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. விழாதவருக்கு 9/6 மிஷினே சுமார் 97.5-தான் தரும், 6/5 மிஷின் 93 அளவுக்கு இறங்கிவிடும். 5,000 டாலர் சுழற்சியில் அது 350 டாலர். ஆண்டு முழுவதும் ஆடுகிற உள்ளூர்க்காரரின் சராசரியைக் காட்டி, நாலு நாள் வந்தவரை உட்கார வைக்காதீர்கள்.

அறை வாடகை வாதத்துக்கு வருகிறேன். காசினோ தரும் உறுப்பினர் அட்டையான பிளேயர்ஸ் கார்டைச் செருகி ஆடினால் புள்ளிகள் சேரும், உண்மைதான். ஆனால் அவை இழப்பிலிருந்து ஒரு பங்கைத் திருப்பித் தருபவை. 250 டாலர் இழந்தவருக்கு இரவு உணவுக் கூப்பன் வரும், அவ்வளவே. அந்தக் கூப்பன் அடுத்த விடுமுறையையும் அதே ஹோட்டலில் கட்டிப் போடுகிறது.

குழந்தைகள் பற்றி எதிரணி பேசவே இல்லை. நெவாடாவில் 21 வயதுக்குக் குறைந்தவர் ஆடக்கூடாது, ஆடும் தளத்தில் நிற்கவும் கூடாது. நடைபாதையில் கடந்து போகலாம், நின்றால் காவலர் வருவார். ‘அப்பா, நான் ஒரு தடவை அழுத்தட்டுமா?’ என்று கேட்கிற பிள்ளையை அழுத்த விட்டால், விழுந்த பரிசு கைக்கு வராமல் போகலாம். 1987-ல் ஒரு காசினோவில் 19 வயது இளைஞருக்கு ஸ்லாட் மிஷினில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விழுந்தது. வயது போதாது என்று பணம் மறுக்கப்பட்டது, வழக்கிலும் அவர் பக்கம் தீர்ப்பு வரவில்லை. ஆக, அப்பா ஆடினால் அம்மா பிள்ளைகளோடு அறையில், அம்மா ஆடினால் அப்பா அறையில். இதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயரா?

ஊரிலிருந்து பார்க்க வந்த தாத்தா பாட்டியையும் ஆசைக்கு உட்கார வைப்பவர்கள் ஒன்றைக் கேளுங்கள். ஒரு டாலர் மிஷினில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்த தாத்தாவுக்கு ராயல் விழுந்தால் 4,000 டாலர். அதில் 30 சதவீதம், அதாவது 1,200 டாலர், வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிளாக்ஜாக், ரூலெட் மேசைகளில் வெளிநாட்டவர் ஜெயித்தால் இந்த வரி இல்லை. மிஷினுக்கு உண்டு. இதையும் சேர்த்தால் 99.54 எங்கே நிற்கும் என்று நடுவர் அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

‘அப்படியானால் வேகாஸில் இரவுக்கு என்னதான் செய்வது?’ என்று எதிரணித் தோழி கேட்டார். பெல்லாஜியோ நீரூற்றுக்கு டிக்கெட் கிடையாது, ஃப்ரீமான்ட் தெருவின் விளக்குக் காட்சிக்கும் கிடையாது. பகலில் ஹூவர் அணைக்கும் ரெட் ராக் பள்ளத்தாக்குக்கும் போய்வந்த பிள்ளைகள் இரவு சீக்கிரம் தூங்கிவிடுவார்கள்.

ஆட்டத்தின் மீதே ஆர்வம் உள்ளவர், குடும்பம் இல்லாத ஒரு வாரக்கடைசியில் தனியாக வரட்டும். வீட்டில் பழகிவிட்டு வரட்டும். 9, 6 என்ற இரண்டு எண்களைக் கண்ணால் பார்த்த பிறகே நோட்டைச் செருகட்டும். கால் டாலரில் இருக்கிறதா என்று சரிபார்த்து, ஐந்து கிரெடிட் போட்டு, எழும்போது மீதிப் பணத்துக்கு மிஷின் தரும் டிக்கெட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு வரட்டும். அந்த மனிதரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.