சிரட்டைக்குள் ஒரு மலை

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்துப் பக்கம் பஸ் ஏறினால், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் மணக்குடிக் கடலைப் பார்த்துவிடலாம். வழியெல்லாம் நாஞ்சில் நாட்டு வயல், குளம், தென்னந்தோப்பு. 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையும் காடும் வயலும் கடலும் இப்படி நெருங்கிக் கிடக்கின்றன. ஆனாலும் நம் பிள்ளைகள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மனப்பாடம் செய்துதான் மதிப்பெண் வாங்குகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம். புவியியலைப் பிள்ளைகள் முதலில் கையாலும் காலாலும் படிக்கட்டும், வரைபடம் அப்புறம் வரட்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

கடற்கரை ஊர்களில் வயதான மீனவர்களிடம் ஒரு பிள்ளை போய், "பாட்டா, கடல்ல ரோடும் இல்ல, போர்டும் இல்ல. நேத்து மீன் பிடிச்ச அதே எடத்துக்கு இன்னைக்கு எப்படிப் போவிய?" என்று கேட்டுப் பார்க்கட்டும். ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன்னால், கடலுக்கு அடியில் மீன் கூடும் பாறைகளை அவர்கள் கரையைப் பார்த்தேதான் கண்டுபிடித்தார்கள். கரையில் ஒரு தேவாலயக் கோபுரம். அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலை முகடு. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நேர் வந்தால், வள்ளம் ஒரு குறிப்பிட்ட கோட்டின் மேல் நிற்கிறது. வேறு திசையில் ஒரு பனைக்கூட்டமும் இன்னொரு குன்றும் நேர் வந்தால் அது இரண்டாவது கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளியில் பாறை.

இதைப் பள்ளி மைதானத்தில் அப்படியே விளையாடலாம். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். முதல் அணி மைதானத்தின் நடுவில் எங்கேயாவது ஒரு கல்லைப் புதைத்துவிட்டு மண்ணைத் தடவி மூடட்டும். பக்கத்தில் குச்சியோ கோடோ வைக்கக் கூடாது. கல் இருக்கும் இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்து, நேர் வருகிற இரண்டு ஜோடி அடையாளங்களை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். கொடிக்கம்பத்துக்கு நேர் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் இடது கால், கேட்டின் வலது தூணுக்குப் பின்னால் டீக்கடைப் பக்கத்து வேப்பமரம், இப்படி. அடுத்த அணி அந்தச் சீட்டை வைத்துக் கல்லை எடுக்க வேண்டும். இரண்டு ஜோடியும் ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தால் கல் கிடைக்காது, தோண்டித் தோண்டி அலுத்துப்போவார்கள். கோடுகள் நன்றாகக் குறுக்கே வெட்ட வேண்டும் என்பதை அப்போது அவர்களே கண்டுபிடிப்பார்கள். இதற்குப் பிறகு அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று பாடத்தில் வந்தால், இரண்டு கோடுகள் ஓர் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது அந்தப் பிள்ளைக்குப் புதிதாக இருக்காது.

ஊர் நூலகமோ, தேவாலயப் பங்கோ, இளைஞர் மன்றமோ இதை நடத்தலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பரிசு வைக்காதீர்கள். பரிசு என்றால் ஓடத் தெரிந்த பிள்ளை முன்னால் போய்விடும், கவனிக்கத் தெரிந்த பிள்ளை பின்னால் நின்றுவிடும். உள்நாட்டுத் தோவாளைப் பக்கத்துப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துவந்து, மீனவர் வீட்டுப் பிள்ளைகளே இதைச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. இன்னொரு நாள் வயல்காட்டுப் பிள்ளைகள் மடையையும், குளம் நிறைந்தால் தண்ணீர் வழியும் மறுகாலையும் காட்டி, ஒரு குளம் நிறைந்தால் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகும் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

அடுத்து, சிரட்டை, அதாவது தேங்காய் ஓடு. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் ஒரு பிடி மணலைச் சிரட்டையில் எடுத்து, தண்ணீர் ஊற்றி, மெல்லச் சுழற்றிச் சுழற்றிச் சாய்க்கச் சொல்லுங்கள். லேசான வெள்ளை மணல் தண்ணீரோடு போய்விடும். கனமான மணல் அடியில் தங்கும். அதில் கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம், சிவப்பாக இருப்பது கார்னெட் என்ற கனிமம். இவை கடலில் விளைந்தவை அல்ல. மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் காலங்காலமாக உடைந்து, அந்தத் துகள்களை ஆறுகள் இழுத்துவந்தன. கையில் சிரட்டை செய்த வேலையை இங்கே அலைகள் செய்து, கனமானதைக் கரையில் பிரித்துப் போட்டிருக்கின்றன. பார்த்து முடித்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். இந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. இந்தக் கனிமங்களுக்காக மணல் எடுப்பதைப் பற்றிக் கடலோர ஊர்களில் கவலையும் எதிர்ப்பும் உண்டு. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மழைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் வேறொரு தாலுகாவில் அத்தையோ சித்தியோ இருப்பார்கள். ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக அதன் மேலேயே செருகுங்கள். அடியில் சின்னக் கல் போட்டு, பாட்டில் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளக்கலாம். ஒன்று மலைப்பக்கத்துக் குலசேகரத்தில், ஒன்று ஆரல்வாய்மொழியில், ஒன்று கன்னியாகுமரியில். மரத்தடியிலும் கூரைத் தண்ணீர் விழும் இடத்திலும் வைக்க வேண்டாம். தினமும் காலை எட்டு மணிக்கு போனில் கேட்டு எழுதிக்கொண்டு, மறுபடி பூஜ்யம்வரை கொண்டுவந்துவிட வேண்டும். ஆனி, ஆடியில் குலசேகரத்துக் கணக்குக்கும் கன்னியாகுமரிக் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். மேற்கிலிருந்து வரும் மேகம் மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து பெய்வதையும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு வருவதையும், அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் என்பதையும் அதற்குப் பிறகு சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் திரும்ப அளக்கட்டும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. கன்னியாகுமரி வட அட்சக்கோடு 8 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். ஏப்ரல் 10, 11 வாக்கில் ஒரு தடவை, செப்டம்பர் முதல் தேதியை ஒட்டி இன்னொரு தடவை. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. சூரியன் நேர் மேலே வரும் நாளில் தெருவில் சமதளமான இடத்தில் ஒரு கம்பை நட்டு, அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கப் பக்கத்துக் கொத்தனார் அண்ணனிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்குங்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஆனதும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நம் நாட்டு நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடுவது. நாம் அதற்கு ஏறக்குறைய 5 பாகை மேற்கே இருக்கிறோம். நிழல் கம்பின் காலடிக்குள் போவது 12.20 வாக்கில்தான். அதுவரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வரட்டும்.