பேக்கப் இருக்கிறது, சரி. திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா?

[காட்சி: வியாசர்பாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. சுவரில் தலை உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் சிபியு.]

வணக்கம். இந்த சிபியு ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வியாசர்பாடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கிக் காப்பாற்றிவிட்டோம், ஒரு போட்டோகூடப் போகவில்லை. போனது சில மாதம் கழித்து, நல்ல வெயில் நாளில்.

டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களை அழித்தபோது, கொடுங்கையூர் கல்யாணம் ஒன்றையும் சேர்த்து அழித்துவிட்டேன். வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் இருக்கும் என்றுதான் நம்பினேன். தினமும் ராத்திரி ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் நிரல் ஓடும். ஆனால் அந்தக் கட்டளையோடு ‘டெலீட்’ என்பதையும் நானே சேர்த்திருந்தேன். மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு என்று பொருள். அன்றைக்கு ராத்திரியே நீக்கிவிட்டது. மெமரி கார்டுகளிலிருந்து பாதியை மீட்டேன். தாலி கட்டியது இருந்த கார்டில் அதற்குள் வேறு விசேஷம் எடுத்தாகிவிட்டது.

ஆர்சிங்க் நல்ல கருவி, 1996 முதல் இருக்கிறது. இன்று உள்ளதை அப்படியே இன்னொரு இடத்தில் வைக்கும். எனக்குத் தேவைப்பட்டதோ நேற்று இருந்தது. அதற்காகத்தான் ரெஸ்டிக் (restic) என்ற பேக்கப் நிரலுக்கு மாறினேன்.

[திரை: டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னல். ‘ரெஸ்டிக் இனிட்’]

முதலில் பேக்கப்புக்கு ஒரு இடம் உருவாக்குகிறோம். கடவுச்சொல் கேட்கும். எல்லாவற்றையும் மறைகுறியாக்கித்தான் சேமிக்கும் என்பதால், அது தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பீரோவில் வையுங்கள்.

[திரை: ‘ரெஸ்டிக் பேக்கப்’]

முதல் தடவை நேரம் எடுக்கும். அப்புறம் மாறியது மட்டும் போகும். கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒரு முறைதான் வைக்கும். அதனால் ஒவ்வொரு நாளின் நிலையும் தனித்தனியாகக் கிடைத்தாலும் டிஸ்க் சீக்கிரம் நிரம்பிவிடாது. இப்படிப் பதிவான ஒவ்வொரு நாளின் நிலைக்கும் ஸ்னாப்ஷாட் என்று பெயர். ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ என்று அடித்தால் தேதியோடு பட்டியல் வரும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

[திரை: ‘ரெஸ்டிக் ஃபைண்ட்’]

பல வழிகாட்டிகளில் ‘ரெஸ்டோர் லேட்டஸ்ட்’ என்றுதான் இருக்கும். டிஸ்க் முழுதாகக் கெட்டுப்போனால் அது சரி. தவறி அழித்திருந்தால்? அழித்த பிறகு எடுத்த ஸ்னாப்ஷாட்தானே கடைசி? அதில் அந்த ஃபோல்டர் இருக்காது. முதலில் ‘ஃபைண்ட்’ போட்டு எந்தத் தேதியில் இருக்கிறது என்று தேடுங்கள். அந்த ஸ்னாப்ஷாட்டின் அடையாளத்தைக் கொடுத்து ‘ரெஸ்டோர்’ செய்யுங்கள். ‘டார்கெட்’ என்ற இடத்தில் புதிய காலி ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள், பழைய இடத்தின் மேலேயே இறக்காதீர்கள். ஒரு கல்யாணம் மட்டும் போதுமென்றால் ‘இன்க்ளூட்’. முடிந்ததும் காலி ஃபோல்டரைத் திறந்தால் போட்டோ உடனே தெரியாது. பழைய பாதை முழுவதும் அதற்குள் உருவாகியிருக்கும், உள்ளே உள்ளே போய்ப் பாருங்கள்.

மாதம் ஒரு முறை ‘செக்’ கட்டளையை ‘ரீட் டேட்டா’வோடு ஓட்டுங்கள். வெறும் ‘செக்’ அமைப்பை மட்டும் சோதிக்கும், ‘ரீட் டேட்டா’ சேர்த்தால் சேமித்த ஒவ்வொரு துண்டையும் படித்துப் பார்க்கும். கடை மூடும்போது போட்டுவிட்டுப் போனால் போதும்.

இரண்டாவது டிஸ்க் பெரம்பூரில் மாமா வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் அதிலும் பேக்கப் எடுத்துவிட்டு வருவேன்.

[திரை: ரெஸ்டோர் முடிந்த ஃபோல்டர் திறக்கிறது]

இது போன வருடம் காசிமேட்டில் எடுத்த காதுகுத்து. அசல் ஃபோல்டரைத் தொடவில்லை, பேக்கப்பிலிருந்து இறக்கியது. ஒன்றைத் திறக்கிறேன். மாமன் மடியில் குழந்தை, இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. அடுத்ததையும் திறந்து பார்க்கலாம்.