தாள் இல்லாத நேரம்

நேயர்களுக்கு வணக்கம். 'ஆங்கர்' என்றால் செய்தி வாசிப்பவர் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அமெரிக்காவில் அது வாசிப்போடு முடிகிற வேலை அல்ல. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தி வழங்கிய வால்டர் கிராங்கைட்தான் அந்தச் செய்திக்கு நிர்வாக ஆசிரியரும். எது முதலில் வரும், எது வேண்டாம் என்பதில் அவர் சொல்லுக்கு எடை உண்டு.

அதே கிராங்கைட் 1930களில் கான்சாஸ் சிட்டி வானொலியில் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை செய்தவர். அதுவும் ஆட்டத்தைப் பார்க்காமலே! தந்தியில் வரும் நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு, மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்போல முழு ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு இது சற்று நெருடத்தான் செய்கிறது. காணாததைக் கண்டதாகச் சொல்லிப் பழகியவர்தான், பின்னாளில் நாடே நம்பிய குரல். ஆனால் எழுதிய தாள் இல்லாமல் பேசும் தெம்பு அங்கேதான் வந்திருக்கும்.

அந்தத் தெம்பு தேவைப்பட்ட ஒரு நாள்: 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்பால் இறுதித் தொடர். ஆட்டம் தொடங்கும் முன்பே நிலம் அதிர்ந்தது. ஏபிசி தொலைக்காட்சியின் விளையாட்டு வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸ் அந்தப் பகுதியை நன்கு அறிந்தவர்; நிலநடுக்கச் செய்தியை அவரே சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆனால் இந்தப் பேச்சை நான் எடுத்ததே ஏபிசியின் இன்னொரு விளையாட்டு வர்ணனையாளர் ஜிம் மெக்கேவுக்காக. 1972, மியூனிக் ஒலிம்பிக். செப்டம்பர் 5 அவருக்கு ஓய்வு நாள், நீச்சலுக்குக் கிளம்பியிருந்தார். இஸ்ரேல் வீரர்களை ஆயுதம் ஏந்தியவர்கள் பிணை பிடித்திருக்கிறார்கள் என்று அழைப்பு வந்தது. நீச்சல் உடைக்கு மேலேயே கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். ஏபிசி விளையாட்டுப் பிரிவின் தலைவர் ரூன் ஆர்லெட்ஜ், ஒலிம்பிக்கின் முதன்மைத் தொகுப்பாளரை விட்டுவிட்டு மெக்கேவை உட்காரவைத்தார். காரணம், தொலைக்காட்சிக்கு வருமுன் மெக்கே பால்டிமோரில் பத்திரிகை நிருபர். ஒலிம்பிக் கிராமத்துக்குள்ளிருந்து தகவல் சொன்னவர் பீட்டர் ஜென்னிங்ஸ், பின்னாளில் ஏபிசியின் தலைமை ஆங்கர்.

நள்ளிரவில் ஒரு சேதி பரவியது, பிணைக்கைதிகள் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று. மெக்கே அதைக் கொண்டாடிவிடவில்லை. பிணையில் இருந்த பளுதூக்கும் வீரர் டேவிட் பெர்கர் ஓஹையோவில் பிறந்தவர். மகன் இருக்கிறானா இல்லையா என்பதை அந்தப் பெற்றோர் தன் வாயால்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்பது மெக்கேவின் மனத்தில் இருந்தது. பிறகு உண்மை வந்தது. கொல்லப்பட்டவர்கள் பதினொரு பேர், இருவர் காலையிலேயே அறையில், ஒன்பது பேர் இரவு விமான நிலையத்தில். அதைச் சொல்லிவிட்டு அவர் சொன்ன ஆங்கில வாக்கியம் மூன்றே சொல். தமிழில் 'எல்லாரும் போய்விட்டார்கள்.' குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் அவருக்கு ஒரு தந்தி வந்தது. பாராட்டி அனுப்பியவர், போட்டி நிறுவனத்துக்காரர்: வால்டர் கிராங்கைட்.