கிணற்றில் ஈ.கோலை இல்லையென்றால் வைரசும் இல்லையா?

அவையோருக்கு வணக்கம்.

பரிசோதனை அறிக்கையில் "100 மில்லிலீற்றரில் ஈ.கோலை: 0" என்று வந்துவிட்டால் எங்கள் வீடுகளில் கிணற்றைப் பற்றிய கவலை அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பூச்சியம் பொய்யில்லை. ஆனால் அது மலத்தோடு வரும் ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்கு மட்டும் உரிய பூச்சியம். செங்கமாரியைக் கொண்டுவரும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ வைரசைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

ஈ.கோலை ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீற்றர் நீளம். அந்த வைரசோ ஏறத்தாழ முப்பது நனோமீற்றர்தான். தடித்த மணற்படையில் பற்றீரியா வடிபட்டு நின்றுவிடும். வைரசை மணலின் இடைவெளி பிடிக்காது, மணிகளின் மேற்பரப்பில் ஒட்டினால்தான் அது நிற்கும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த மயோசின் காலச் சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி என்று எல்லோரும் சொல்லும் கணக்கு, தண்ணீர் மண்ணூடாக மெதுவாகக் கசியும் இடத்துக்குப் பொருந்தும். வெடிப்பு வழியே ஓடும் தண்ணீருக்கு 50 அடி ஒரு தூரமே இல்லை. கார்த்திகை மழையில் நீர்மட்டம் குழியின் அடியை நெருங்குகிறது. உப்புக் குறைந்த மழைநீர், மண்ணில் ஒட்டியிருந்த வைரசுகளையும் கழற்றிவிடுகிறது. ஆகவே ஆடியில் எடுத்த மாதிரியை வைத்து மார்கழித் தண்ணீரைப் பற்றிப் பேச ஏலாது.

மனிதரைத் தாக்கும் வைரசுகளை நேரடியாகத் தேடுவது செலவான வேலை. அதனால் குடலில் வாழும் ஈ.கோலையைத் தாக்கும் வைரசுகளைத் தேடுகிறோம். கோலிபேஜ், சுருக்கமாகப் பேஜ், எனப்படும் இவை மலத்தோடு வருகின்றன, மனிதருக்குத் தீங்கில்லை, இவை உண்டாக்கும் வட்டங்களை மறுநாளே கண்ணால் எண்ணலாம். இவற்றில் எம்எஸ்2 என்பது ஏறத்தாழ 27 நனோமீற்றர். ஹெப்பற்றைற்றிஸ் ஏயின் பருமன்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டுக் குடிநீர்ச் சட்டத்தில், சுத்திகரிக்குமுன் உள்ள நீருக்கு 100 மில்லிலீற்றரில் 50 கோலிபேஜ் என்ற அளவை வைத்தது. எங்கள் கிணறுகளிலோ சுத்திகரிக்குமுன் உள்ள நீரும் குடிநீரும் ஒன்றுதான்.

இனிச் செய்முறை. கிருமிநீக்கிய போத்தலில் தண்ணீரை எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். குளோரீன் போட்ட கிணறென்றால் லீற்றருக்கு 0.5 மில்லிலீற்றர் 10 சதவீதச் சோடியம் தயோசல்பேற்று முன்கூட்டியே போத்தலில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரீன் பேஜைக் கொன்றுவிடும். 48 மணிநேரத்துக்குள் சோதனையைத் தொடங்குங்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 4 மோலார் மக்னீசியங் குளோரைட்டு 0.5 மில்லிலீற்றர், பிறகு வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் ஈ.கோலை வளர்ப்பு 10 மில்லிலீற்றர். இரட்டைச் செறிவுள்ள அகார் எனும் வளர்ப்புக் கூழ் 100 மில்லிலீற்றரை 45 முதல் 48 பாகை செல்சியசில் உருகிய நிலையில் வைத்திருந்து கலந்து, 150 மில்லிமீற்றர்ப் பெத்ரிக் கிண்ணங்கள் ஐந்தில் ஊற்றி, 36 பாகையில் ஓரிரவு விடுங்கள். பற்றீரியா வளர்ந்து மங்கலான படலமாகும். அதில் பேஜ் விழுந்த இடமெல்லாம் வட்டமாகத் தெளியும்.

பிழை வரும் இடங்கள் பல. அகார் 50 பாகைக்கு மேலிருந்தால் பற்றீரியா செத்துப் படலமே வராது. மக்னீசியத்தை மறந்தால் பல பேஜுகள் ஒட்டாது. காற்றுக் குமிழியை வட்டமென்று எண்ணிவிடுவது புதியவர் எல்லோரும் செய்வது: குமிழியின் விளிம்பு கண்ணாடிபோலக் கூராக இருக்கும், பேஜ் வட்டத்தின் விளிம்பு கலங்கலாக இருக்கும். சந்தேகமென்றால் ஊசியால் தொட்டெடுத்துப் புதிய படலத்தில் வைத்துப் பாருங்கள். பேஜ் மீண்டும் தெளிவாக்கும், குமிழி ஒன்றும் செய்யாது. தெரிந்த பேஜ் போட்ட கிண்ணம் ஒன்று கூடவே இல்லாவிட்டால், வெறுங்கிண்ணத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

முக்கியமான இடம், எந்த ஈ.கோலையைப் போடுகிறோம் என்பது. கிணற்றிலிருந்தே பிடித்த ஈ.கோலையைப் போட்டால் பெரும்பாலான பேஜுகள் அதைத் தொடவே மாட்டா. பற்றீரியாவுக்குப் பாதுகாப்பு அவ்வளவு. வெளிச்சுவரின் சர்க்கரைச் சங்கிலி ஒட்டுமிடத்தை மறைக்கும். உள்ளே புகுந்த டி.என்.ஏயை நொதியங்கள் வெட்டும்; முன்பு வந்த வைரசின் துண்டைத் தன் மரபணுவில் சேமித்து அடையாளம் காணும் கிறிஸ்பர் முறை, 2007இல் தயிர்ப் பற்றீரியாவில் சோதனையால் நிறுவப்பட்டது. 2018இல் ஒரே ஆய்வுக் கட்டுரை பேஜுக்கு எதிரான ஒன்பது புதிய பாதுகாப்பு முறைகளைக் காட்டியது. அதனால் சோதனைக்கு எடுப்பது ஈ.கோலை சி வழிவந்த, சர்க்கரைச் சங்கிலியும் வெட்டும் நொதியமும் இல்லாத சீஎன்13 போன்ற வர்க்கம். எம்எஸ்2 வகைக்கு அதுவும் போதாது. எம்எஸ்2, பற்றீரியாவின் மேலிருந்து நீளும் எஃப் எனும் மயிரிழையில்தான் ஒட்டும், ஆகவே மயிரிழையுள்ள வேறு வர்க்கம் வேண்டும். அந்த வளர்ப்பைப் பலமாகக் குலுக்கினால் மயிரிழை முறியும். கிண்ணம் சுத்தமாக இருக்கும், தண்ணீர் அப்படி இராது.

குளிர் நாட்டுப் புத்தகங்கள், அந்த மயிரிழை 25 பாகைக்குக் கீழே உருவாகாது, எனவே இப்பேஜ் குடலுக்கு வெளியே பெருகாது என்று நிம்மதியாக எழுதுகின்றன. எங்கள் சித்திரை வெயிலுக்கு அந்த நிம்மதி செல்லாது என்பது என் கருத்து. எண்ணிக்கையோடு வகையையும் பாருங்கள்: எம்எஸ்2 உள்ளிட்ட ஆர்.என்.ஏ பேஜுகளில் இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் பெரும்பாலும் மனித மலத்தில், முதலாம், நான்காம் பிரிவுகள் விலங்கு மலத்தில். ஆடும் மாடும் கட்டிய வளவுகளில் இந்த வேறுபாடு குழியைக் குறைசொல்வதா, பட்டியைக் குறைசொல்வதா என்று தெரியப்படுத்தும்.

பேஜ் கண்ட கிணற்றுக்கு, வருத்தம் வராமலிருக்க, தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைப்பதே முதல் வேலை. குளோரீன் போடுவதென்றால் கணக்குப் பார்த்துப் போடுங்கள். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14,000 லீற்றர். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் வெளிற்றும் தூள் என்றால் 35 கிராம். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடிபடிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அரை மணி கழித்து எஞ்சிய குளோரீன் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதம் திறந்து கிடந்த தூளானால் இந்தக் கணக்கு எட்டாது. புதுப் பை வாங்குங்கள்.