கலியாணத்துக்கு ரிச் கேக் குடுக்கலாமோ?

"மகளின்ர கலியாணம் கோயில் மண்டபத்தில, 300 பேர் வருவினம். ரிச் கேக் குடுக்கலாமோ, பட்டர் கேக் காணுமோ?" எண்டு கொழும்பில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா.

முதல்ல மண்டபத்தைப் பாருங்கோ அம்மா. ரவை, கஜு, பழவகை போட்டுச் செய்யிற ரிச் கேக்கில முட்டையும் இருக்கு, பிராண்டியும் இருக்கு. சைவப் பந்தியில அதை வைக்கேலாது. பின்னேரம் ரிசெப்ஷனில பெட்டியில போட்டுக் குடுத்தா, வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுவினம். மேடையில நிக்கிற கேக் ஸ்ட்ரக்சர் எப்பிடியும் ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகை)தானே. வெட்டுறதுக்கு மட்டும் உண்மையான கேக் ஒரு துண்டு வச்சாக் காணும்.

பெட்டிக்கு எண்டா ரிச் கேக்தான். பட்டர் கேக் எங்கட வெக்கைக்கு மூண்டு நாள் தாங்கினாப் பெரிய காரியம். ரிச் கேக் ஒரு மாதம் முந்திச் செய்து வைக்கலாம், வைக்க வைக்க ருசியும் கூடும்.

250 கிராம் ரவைக்கு 250 பட்டர், 350 சீனி, 12 மஞ்சள் கரு, 400 கஜு. சுல்தானாஸ், பிளம்ஸ் (காய்ஞ்ச முந்திரிகைப் பழம்), பூசணி தோசி ஒவ்வொண்டும் 250. இஞ்சி பிரிசர்வ் (சீனிப்பாணியில ஊறினது), சௌ சௌ பிரிசர்வ், செரி ஒவ்வொண்டும் 125. அதில 40 கிராம் துண்டு அறுபது வரும். 10 வீதம் கூட வச்சு 330 துண்டுக்கு ஆறு தரம் போடவேணும். மஞ்சள் கரு மட்டும் 72, இப்பவே சொல்லி வையுங்கோ!

பிழைக்கிறது எங்க தெரியுமோ? பிரிசர்வில இருக்கிற பாணியை வடிக்காமல் போடுறதில. நடு களியாயிடும். பழத்தைப் பொடியா வெட்டி, ஒரு கிழமையாவது பிராண்டியில ஊறவிடுங்கோ. ரவையை லேசா வறுத்து, சூட்டோட பட்டரில கலவுங்கோ. தட்டுக்கு நாலைஞ்சு மடிப்புப் பேப்பரும் மேல ஒயில் பேப்பரும் போட்டு, 150 பாகையில ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம். சூட்டைக் கூட்டினா ஓரம் கருகும், நடு வேகாது.

ரெண்டு நாள் ஆறவிட்டுத்தான் வெட்டவேணும். சூட்டோட சுத்தினா உள்ளுக்கு வேர்த்து பூஞ்சணம் பிடிக்கும். துண்டுக்கு மேல ஐசிங் வேண்டாம், எறும்புக்குத்தான் விருந்து.

முஸ்லிம் ஆக்களும் வருவினம் எண்டா, ஒரு தட்டு பிராண்டி இல்லாமல் தோடம்பழச் சாறில செய்யுங்கோ. அது கனநாள் நிக்காது, கடைசிக் கிழமையில சுட்டு, பிரிட்ஜில வச்சு, வேற நிற ரிபன் கட்டுங்கோ.